ஆறு கதவுக்கு ஒரு சாவி

எனக்கு லேசில் அருவருப்பு வராது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மனித உடம்பிலிருந்து என்னென்ன வருமோ அத்தனையும் ஒட்டிய விரிப்புகளை உதறி எந்திரத்தில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் ஒரு சோப்பைப் பார்த்துக் குமட்டிப்போய் நின்றேன்.

அது என் மகளின் சோப்பு. தோல் அரிப்புக்காக டாக்டர் எழுதிக் கொடுத்தது. கறுப்பாக இருக்கும், புதிதாகத் தார் போட்ட ரோடு மாதிரி வாசனை அடிக்கும். அன்றைக்கு எனக்கு அரைநாள் விடுப்பு. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் போனேன். காலை ஏழு மணிக்கு மகள் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள். சோப்பு காய்ந்து கிடக்க வேண்டும். ஆனால் அது நுரையோடு ஈரமாக இருந்தது. அதில் குட்டையாக ஒரு நரைமுடி ஒட்டியிருந்தது. தண்ணீர் போகும் சல்லடையில் ஒரு எரிந்த தீக்குச்சி.

எங்கள் வீட்டில் நரைத்த தலையும் கிடையாது, சிகரெட் பிடிப்பவரும் கிடையாது. கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபது நாள் சாலையில்தான். அலமாரியைப் பார்த்தேன், எதுவும் போகவில்லை. கதவு நான் பூட்டியபடியே பூட்டியிருந்தது. குடிவந்த நாளிலிருந்தே அந்தப் பூட்டு ஆடிக்கொண்டுதான் இருக்கும், ஏதோ கம்பியை விட்டு நெம்பியிருக்கிறான் என்று நினைத்தேன்.

வீட்டு ஓனர் அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிறார். எதைச் சொன்னாலும் “ஆகட்டும்மா, பார்க்கலாம்” என்பார். கீழே இருக்கிற ஐந்து குடித்தனமும் சேர்ந்து அவருக்கு வைத்த பெயரே பார்க்கலாம். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“என்னம்மா காணோம்?”

“எதுவும் காணாமப் போகல சார்.”

“அப்புறம் என்ன? திருடன் வந்து குளிச்சுட்டுப் போனானா? சுத்தபத்தமான திருடனா இருக்கானே.” தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

“பூட்டை மாத்திக் கொடுங்க சார். இல்லன்னா நானே மாத்திக்கறேன்.”

அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் அவர் முகம் மாறியது. “அதெல்லாம் கூடாது. என் கதவுல கை வைக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. ஆகட்டும், பார்க்கலாம்.”

மூன்று வாரம் போனது. கடிதம் எழுதிக் கொடுத்தேன், போனில் படம் எடுத்து அனுப்பினேன், மாடிப்படியில் மறித்தேன். கிணற்றில் போட்ட கல். எனக்குப் பொருள் போய்விடுமே என்ற கவலை இல்லை, எங்கள் வீட்டில் எடுக்க என்ன இருக்கிறது. மகள் மூன்றரை மணிக்குத் தனியாக வருவாள், நான் வர ஆறு ஆகும். அவள் உள்ளே வரும்போது அவனும் உள்ளே இருந்தால்? இரவில் கதவுக்கு முட்டுக் கொடுத்து நாற்காலி போடலாம். பகலில் ஆளில்லாத வீட்டுக்கு யார் முட்டுக் கொடுப்பது?

நான் பயந்தது அப்படியே நடந்தது. பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்தை மதியமே விட்டுவிட்டார்கள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன், நிறுத்தத்துப் பெஞ்சில் புத்தகப் பையை மடியில் கட்டிக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

“அம்மா, நான் கதவைத் திறந்தேன். உள்ள யாரோ குளிக்கறாங்க. ஒரு ஆம்பளை காறித் துப்பற சத்தம் கேட்டுச்சு.”

பன்னிரண்டரையிலிருந்து ஆறு மணி வரை அதே பெஞ்ச். பக்கத்து வீட்டுக்குப் போகலாமென்றாலும் அந்தக் கட்டடத்துக்குள் திரும்ப நுழையப் பயம். சாப்பாடு இல்லை, ஒன்றுக்குப் போக இடமில்லை, கையில் போனும் இல்லை. அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நேரே மாடிக்குப் போனேன். பார்க்கலாம் கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியையும் தன் தொந்தியால் அடைத்துக்கொண்டு நின்றார்.

“அது மேல்வீட்டுக் குழாய்ச் சத்தம்மா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு போனைப் பாத்துப் பாத்து மூளை கலங்கிக் கிடக்கு. பயமுறுத்தாம வளர்க்கணும்.”

எனக்கு உபதேசம் வேறு.

மறுநாள் லீவு போட்டேன். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஒப்பந்தமாவது மண்ணாங்கட்டியாவது என்று கடைத்தெருவில் பூட்டுக்காரரிடம் போனேன். அவர் கதவைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. என் சாவியை வாங்கி அதில் பொறித்திருந்த எண்ணைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

“அந்த மூணு மாடிக் கட்டடமா? இந்தப் பூட்டை நான்தான்மா வித்தேன். பெட்டியில ஆறு. இது கட்டட வேலை நடக்கற இடத்துல போடறது. மேஸ்திரி ஒரே சாவிய வச்சுகிட்டு எல்லா ரூமையும் திறக்கணும்ல, அதனால ஆறுக்கும் சாவி ஒண்ணுதான். வீட்டுக்குப் போடாதீங்கன்னு தலபாடா அடிச்சுகிட்டேன். விலை கம்மின்னு தூக்கிட்டுப் போனார்.”

“ஆறா? நாங்க இருக்கறது அஞ்சு குடித்தனம்தானே?”

“ஆறாவதை வீணாக்குவாரா அந்த மனுஷன்? தன் வீட்டுக்கே மாட்டிக்கிட்டிருப்பார்.”

மத்தியானம் திரும்பி வந்ததும் நேரே மாடி ஏறினேன். தட்டவில்லை, மணியடிக்கவில்லை. பார்க்கலாம் வீட்டுக் கதவில் என் சாவியைப் போட்டேன். தன் வீட்டுக்குள் போவது போல அது திரும்பியது.

கூடத்தில் அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது.

“யாரு? கதவு பூட்டியிருந்துச்சே.”

“ரெண்டாம் நம்பர் வீடுக்கா. என் சாவியில திறந்துச்சு. இங்க இருக்கற அஞ்சு குடித்தனமும் எப்ப வேணா உங்க வீட்டுக்குள்ள வரலாம். நீங்க தூங்கும்போதும் வரலாம்.”

அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். நான் மூன்று வாரக் கதையைச் சொல்லி, பையிலிருந்து அந்தச் சோப்பை எடுத்தேன். போலீசுக்குக் காட்ட வேண்டியிருந்தாலும் இருக்கும் என்று முடியோடு அன்றைக்கே பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துவிட்டு, மகளுக்கு அதே சோப்பில் வேறொன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். கவரைப் பிரித்ததும் தார் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

“இந்த சோப்பு கடையில கிடைக்குமா?”

“டாக்டர் சீட்டு இருந்தாத்தான் கொடுப்பாங்க.”

“ஆறு மாசமா இந்த வாசனை இந்த வீட்டுல இருக்கு.” குரல் அவருக்கே கேட்காதது போல் இருந்தது. “மத்தியானம் நடந்துட்டு வரேன்னு போவார். தலை ஈரமா வருவார், மேலெல்லாம் இந்த வாசனையோட. எவளோ ஒருத்தி வீட்டுல குளிச்சுட்டு வர்றார்னு நெனச்சேன். யார்கிட்டப் போய்ச் சொல்றது? பிள்ளைங்ககிட்டக்கூடச் சொல்லல.”

எனக்கு விஷயம் ஏற ஒரு நிமிடம் ஆனது. எங்கள் வீட்டில் குளித்துவிட்டுப் போனது ஓனரேதான். முகம் தெரியாத திருடன் என்று இத்தனை நாள் நினைத்ததே பரவாயில்லை போலிருந்தது.

அப்போது வெளியே சாவி திரும்பும் சத்தம். பார்க்கலாம் உள்ளே வந்தார். நான் வேலைக்குப் போயிருப்பதாக நினைத்து அன்றைக்கும் எங்கள் குளியலறைக்குத் தரிசனம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். தலை ஈரம். அவருக்கு முன்னால் அந்த வாசனை வந்தது. கையும் களவுமாகப் பிடித்தேன் என்பார்கள், நான் மூக்கும் களவுமாகப் பிடித்தேன். அவர் சோப்பைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஆகட்டும்…” என்றார். அதற்கு மேல் வரவில்லை.

பிறகு எல்லாம் கொட்டியது. நெஞ்சுவலி வந்த பிறகு டாக்டர் சிகரெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். மனைவிக்கு மூக்கு கூர்மையாம். தெருவில் பிடித்தால் யாராவது போட்டுக் கொடுத்துவிடுவார்களாம். பகலில் ஆளில்லாத குடித்தனம் எங்களுடையது ஒன்றுதானாம்.

“ஒரே ஒரு சிகரெட்டுதான். ஜன்னலைத் திறந்து வச்சுத்தான் பிடிப்பேன். நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சா வாசனை தெரியாது. அவங்க வீட்டு ஒரு பொருளைத் தொட்டிருப்பேனா, கேளு.”

“பொம்பளை இல்லையா?” என்றார் அந்த அம்மா. முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. ஆறு மாதத் தவிப்பு இறங்கியது, பாவம்தான். ஆனாலும் அந்த நிம்மதியை என்னால் சகிக்க முடியவில்லை.

“நேத்து என் பொண்ணு கதவைத் திறந்தப்ப உள்ள இருந்தது நீங்கதானே சார்?”

“ஆமாம்மா. எனக்கும் பக்குனு ஆயிடுச்சு. நல்லவேளை, பாப்பா உள்ள வராம ஓடிடுச்சு. ஜன்னல்ல பார்த்தேன், பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்துச்சு. அப்புறம்தான் உயிரே வந்துச்சு.”

ஏதோ என் பிள்ளை அவரை விபத்திலிருந்து காப்பாற்றியது போலச் சொன்னார். அந்த அம்மாவின் முகத்திலிருந்து நிம்மதி வடிந்தது.

“பார்த்தியா நீ?” அதுவரை அந்த அம்மா கணவரை நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. “புள்ள அங்க உக்காந்திருக்கறதைப் பார்த்தியா? சாயங்காலம் இவங்க வந்து கேட்டப்ப நான் சமையலறையிலதான் இருந்தேன். குழாய்ச் சத்தம்னு சொன்னே.”

அன்றைக்குச் சாயங்காலமே ஆறு கதவுக்கும் ஆறு பூட்டு மாறியது. பூட்டுக்காரர் எங்கள் வாசலில் மண்டியிட்டு வேலை பார்த்துக்கொண்டே “வேலியே பயிரை மேஞ்சா” என்று முனகினார். அந்த அம்மா பக்கத்திலேயே நின்றார். பார்க்கலாம் மாடிப்படியில் நின்றபடி, “ஓனர்கிட்டயும் ஒரு சாவி இருக்கணும், ஒரு அவசரம்னா…” என்று ஆரம்பித்தார்.

“உனக்கு இனிமே என்ன அவசரம்?” என்றுவிட்டு அந்த அம்மா எங்கள் புதுப் பூட்டோடு வந்த மூன்று சாவியையும் என் உள்ளங்கையில் வைத்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது.

இரவுச் சாப்பாட்டின்போது மகளிடம் நடந்ததைச் சொன்னேன். மறைத்தால் அவள் ஒவ்வொரு ஆணையும் பார்த்து இவனா அவனா என்று யோசிப்பாள். அவள் அழவில்லை. புதுச் சாவியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடி புதுச் சோப்பு வாங்கிவிட்டேன், குளியலறையைப் பினாயில் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டேன் என்றேன்.

“அம்மா, அவர் எதுல தலை துவட்டியிருப்பார்?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு நாளைக்கு நானூறு துண்டு துவைக்கிற எனக்குத் தோன்றவில்லை. குளியலறைக் கொடியில் எப்போதும் தொங்குவது அவளுடைய மஞ்சள் துண்டு ஒன்றுதான். என்னுடையதை நான் அலமாரியில் வைப்பேன்.

“அவர் கையிலயே கொண்டு வந்திருப்பார்” என்றேன்.

அவள் எழுந்து போய்ப் புதுப் பூட்டு பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, நாற்காலியையும் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் அந்தத் துண்டை வேலைக்கு எடுத்துப் போனேன். துவைக்கவில்லை. தொற்று நோயாளிகளின் துணியைப் போடுகிற மஞ்சள் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, எரிக்கக் கொண்டுபோகிற வண்டியில் ஏற்றிவிட்டேன்.