கொம்பின் சூடு

மான் கொம்பு ஆய்வை நடத்தும் மேடம் மூன்றாவது முறையாகக் கேட்டபோதும் அவள் அதையே சொன்னாள். "இன்னும் வளருது மேடம். இந்த வாரம் போகட்டும்."

பொய். அளவு நாடாவில் கொம்பின் நீளம் போன வாரமே ஏறாமல் நின்றுவிட்டது.

மாட்டுக் கொம்பு போன்றதல்ல மான் கொம்பு. அது முழுக்க எலும்பு. வருடந்தோறும் விழும், வருடந்தோறும் முளைக்கும். நுனியில் இளம் செல்கள் மளமளவென்று பெருகும். சற்றுக் கீழே அவை குருத்தெலும்பாகும், இன்னும் கீழே எலும்பாக இறுகும். அந்த நுனியில் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று தெரிந்தால், முறிந்த எலும்பு ஒட்டாமல் கிடப்பவர்களுக்கு ஒரு வழி பிறக்கலாம். ஆனால் நுனியை உயிரோடு எடுக்க வேண்டும். மயக்க ஊசி போட்டு நறுக்க வேண்டும்.

"ஊசி போட்ட ஆள அது மறக்காது தங்கச்சி," என்று தீவனக்காரர் முன்பே சொல்லியிருந்தார். "என்னையே பாரு, ஒருதடவ ஊசி போடப் பிடிச்சுக் குடுத்ததுக்கு, புது மருமகளப் பாக்குற மாமியா மாதிரி முறைக்குது."

கொம்பு விழுந்து நின்ற நாளில் அவர்தான் வேலிக்குள் இருந்த அந்த ஆண் மானுக்கு மொட்டையன் என்று பேர் வைத்தார். புதுக்கொம்பு கிளைவிட்ட பிறகும் அந்தப் பேர் போகவில்லை.

கொம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருந்தபோது, அந்த மொட்டையன் ஒருநாள் காலையில் தானாக வந்து வேலியில் தலையைச் சாய்த்தது. கம்பி இடைவெளியில் கைவிட்டுக் கொம்பைத் தொட்டாள். கொம்பைப் போர்த்தியிருந்த மென்மயிர்த் தோலுக்கடியில் ரத்தம் ஓடிற்று. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றிபோலச் சுட்டது. இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் தொட்ட முதல் உயிர் அதுதான். கடைக்காரர்கூடச் சில்லறையை மேசையில்தான் வைப்பார். அதன்பின் ஒரு காலைகூடத் தவறவில்லை. ஊசிப்பெட்டி திறக்கப்படவும் இல்லை.

பகல் குறுகியது. மானின் உடலில் ஆண் ஹார்மோன் ஏறியது. அது ஏறினால் கொம்புக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். எல்லாம் அவள் படித்ததுதான். மேடத்திடம் பொய் சொன்ன அந்த வாரமே ஒரு காலை தொட்டபோது கொம்பு வேலிக்கம்பியைப்போல் சில்லிட்டிருந்தது. மறுநாள் தோல் நார்நாராகக் கிழிந்து ரத்தத்தோடு தொங்கியது. மொட்டையன் மரத்தில் உரசி உரசி அதை உரித்துக்கொண்டிருந்தது.

மேடத்திடம் போய் நின்றாள். "நுனி கிடைக்காது மேடம். இறுகிடுச்சு. நான்தான் தள்ளிப்போட்டேன்."

"ஏன்?"

அவள் திறக்காத ஊசிப்பெட்டியை மேசையில் வைத்தாள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஒரு வருஷம் போச்சும்மா. அடுத்த தடவை வேற யாராவது பாத்துக்கட்டும். நீ உள்ள உக்காந்து மைக்ராஸ்கோப் தகடுகளப் பாரு."

சாயந்திரம் வேலியருகே போய் வழக்கமான இடத்தில் கைவைத்தாள்.

"தள்ளி நில்லும்மா," என்றார் தீவனக்காரர். "கொம்பு காஞ்சிட்டா அதுக்கு அப்பன் ஆத்தாளே தெரியாது. நீ எம்மாத்திரம்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, மொட்டையன் பாய்ந்து வந்து கம்பியில் மோதியது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். வேலி அதிர்ந்து அடங்கியது. அவர் வாளியை எடுத்துக்கொண்டு போன பிறகு, உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அதுவும் சில்லென்றுதான் இருந்தது.