ஒரு சுற்று குறைவாக

1

இந்தக் கதை எனக்குள் உதித்தது என்றெல்லாம் அளக்க மாட்டேன். என்னை என் அறையிலிருந்து கிளப்பிவிட்டார்கள், அதனால் வந்த கதை இது. வீட்டின் பின்பக்கம் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கேதான் எழுதுவேன். (எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்பது என் மனைவியின் திருத்தம்.) அறையை ஒட்டி நின்ற பெரிய மரத்தின் வேர், சுவரைப் பிளக்க ஆரம்பித்திருந்தது. மரத்தை எடுத்தே ஆக வேண்டும். மரம் வெட்டுகிறவர்கள் காலையில் வந்தார்கள். மேசையையும் நாற்காலியையும் வெளியே தூக்கிப் போட்டார்கள். "சார், இன்னிக்கு உள்ள யாரும் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். போக்கிடம் இல்லாமல் சமையலறை ஜன்னலில் போய் நின்றேன். பொழுது சாயும் வரை அங்கிருந்து நகரவில்லை.

முதலில் ஒரு கட்டுரைதான் எழுத நினைத்தேன். வெட்டிய கிளையைக் கயிற்றில் கட்டிப் பதமாக இறக்க அவர்களிடம் இரண்டு கருவிகள் இருந்தன. எது மேல் என்று அன்றைக்கே பார்த்து முடிவெடுக்கப் போவதாகச் சொன்னார்கள். ஒரு பக்கம் இது, ஒரு பக்கம் அது, கடைசியில் தீர்ப்பு என்று நறுக்கென்று முடித்துவிடலாம். ஆனால் எழுத எழுத ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

2

முதல் தொடக்கம்:

"மரத்தின் உச்சியில் அவன் தனியே நின்றான். கீழே அவன் மனைவி கயிற்றைப் பற்றிக்கொண்டு, கண்கள் கலங்க—"

என் மனைவி இதைப் படித்தாள். "நீங்க ஜன்னல்ல நின்னு பாத்தீங்களா, நின்னுக்கிட்டே தூங்கினீங்களா? மேல ஏறினது அந்தம்மா. கீழ நின்னது அவங்க வீட்டுக்காரர்."

வாஸ்தவம். கண் பார்த்தது ஒன்று, கை எழுதியது இன்னொன்று. அந்த வரியை நீக்காமல் விட்டிருக்கிறேன், என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும்.

இரண்டாவது தொடக்கம்:

"உராய்வு எனப்படுவது யாதெனில்—"

வேண்டாம். நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

3

ஆட்கள் மொத்தம் மூன்று பேர். ஏறுகிறவள், அவள் கணவன், அவள் அண்ணன்.

அவள் மரத்தில் ஏறிய அழகை எழுத என்னால் முடியவில்லை, மூன்று முறை முயன்று தோற்றுவிட்டேன். இடுப்பில் வார், காலில் முள் வைத்த இரும்பு, தோளில் தொங்கும் ரம்பம். நாம் மாடிப்படி ஏறும்போதுகூட இவ்வளவு யோசனையில்லாமல் ஏறுவதில்லை. மேலே போனதும் தன் பாதுகாப்புக் கயிற்றைத் தனியாக மாட்டிக்கொண்டு, கீழே பார்த்து, "என்னங்க, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

கணவனுக்கு நங்கூரம் என்று பட்டப்பெயர். ஆள் அந்த அளவுக்குக் கனம். கிளையின் கயிறு மேலே ஒரு கப்பியில் புகுந்து கீழே வரும். அதன் நுனி நங்கூரத்தின் கையில் இருக்கும். வெட்டு அவளுடையது, கயிறு அவனுடையது. கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தானாம்.

அண்ணன்காரன் அன்றைக்குத்தான் புதிதாக வந்து சேர்ந்தவன். வரும்போதே கையோடு ஒரு புது வின்ச்சை, அதாவது கைப்பிடி சுற்றிக் கயிறு இழுக்கும் கருவியை, எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்திருந்தான்.

4

போன வேலையில் நடந்ததை அண்ணன்காரன்தான் ஜன்னல் அருகே தேநீர் குடித்தபடி சொன்னான்.

"ஒரு சுத்து அதிகமா போட்டுட்டாரு சார் மாப்ள. கட்டை விழுந்துச்சு, கயிறு ஓடலை, அப்படியே டக்குனு நின்னுடுச்சு. மரம் மொத்தமும் உதறுச்சு. மேல இருந்தது என் தங்கச்சி. விலாவுல அடி."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.* அவர்களிடம் ஏற்கெனவே இருந்த கருவிக்கு டிரம் என்று பெயர். அடிமரத்தில் பட்டை போட்டுக் கட்டிய தடித்த இரும்புக் குழாய், அவ்வளவுதான். சுழலாது, அசையாது. கயிற்றை அதில் சுற்ற வேண்டும். ஒரு சுற்று போட்டால் கொஞ்சம் பிடிக்கும், இரண்டு போட்டால் நன்றாகப் பிடிக்கும், மூன்று போட்டால் உடும்புப்பிடி. ஒரு ஆளைவிடப் பல மடங்கு எடையுள்ள கட்டையை நங்கூரம் ஒரு கையால் இறக்கியதைப் பார்த்து வாயைப் பிளந்தேன். ஆனால் மேலிருந்து சாய்ந்து விழும் கட்டையை அப்படியே பிடித்து நிறுத்தக் கூடாது. கயிற்றைக் கொஞ்சம் ஓடவிட்டு, மெல்ல மெல்ல நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அந்த அதிர்ச்சியெல்லாம் மரத்துக்குப் போகும். மரத்தில் இருப்பது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

(* கட்டுரையிலிருந்து மிஞ்சியது. இந்த ஒரு பத்திக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"இதுக்கு பயம் கிடையாது சார்" என்று அண்ணன்காரன் வின்ச்சைத் தட்டிக் காட்டினான். "இனிமே இது பாத்துக்கும், நான் இதைப் பாத்துக்குவேன். மாப்ள கிளை பொறுக்கட்டும்."

கொஞ்ச தூரத்தில் நங்கூரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். காதில் விழுந்திருக்கும். முகம் தொங்கிப்போயிருந்தது.

5

வின்ச்சை மட்டம்தட்டி எழுதினால் கதைக்கு வசதி. இரும்புக்கு இதயமில்லை என்று ஒரு வரி போட்டு உங்கள் கைதட்டலை வாங்கிவிடலாம். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அது ஒரு அற்புதமான சாமான்.

எங்கள் வீட்டு ஓட்டின் மேல் ஒரு பெரிய கிளை சாய்ந்து படுத்திருந்தது. வெட்டினால் ஓடு நொறுங்கும். டிரம்மால் இறக்கத்தான் முடியும், ஒரு விரல் உயரம்கூடத் தூக்க முடியாது. அண்ணன்காரன் கயிற்றை வின்ச்சில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினான். டக், டக், டக். ஒவ்வொரு சத்தத்துக்கும் கயிறு இறுகியது, இறுகியது அப்படியே நின்றது. அந்த ராட்சசக் கிளை ஓட்டிலிருந்து மெல்ல எழுந்துகொண்டது. அவள் வெட்டினாள். கிளை அந்தரத்தில் அசையாமல் நின்றது. ஒரு ஓடுகூட நகரவில்லை. எனக்கு ஓடிப்போய் அந்தக் கைப்பிடியை ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும் போல ஆசையாக இருந்தது.

நங்கூரமும் கைதட்டினான். "சூப்பர் மச்சான்" என்றான். அதை அவன் பொய்யாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

6

இங்கே நங்கூரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை வருஷம் கயிறு பிடித்தவன் எப்படி ஒரு சுற்று அதிகமாகப் போடுவான்? வாசகர் நம்புவாரா? கவனக்குறைவு என்று எழுதினேன், அடித்தேன். தூக்கமில்லாமல் வந்தான் என்று எழுதி, அதையும்—

அவன் கையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சின்னக் கிளைகளுக்கு அந்தக் கை சாவகாசமாக இருக்கிறது. பெரிய கட்டை சாயும்போது மட்டும் கையுறை கசங்க இறுகிப்போகிறது. மேலே இருந்து கனமாக ஒன்று விழுகிறது, மேலே அவள் இருக்கிறாள். கயிற்றின் மறுமுனையில் இருப்பது வெறும் கட்டை என்று அவன் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. கை அவளைப் பிடித்துக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடித்தவன் நான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அவளுக்கு முன்பே தெரியும் என்பது அடுத்த பகுதியில்தான் தெரிந்தது.

7

மிஞ்சியது மொட்டையாக நின்ற நடுமரம். அதன் மேல்துண்டு விழ ஒரே ஒரு பக்கம்தான் இடம் இருந்தது. அந்தப் பக்கம் என் கண்ணாடிக் கூரை. கயிறு அதிகம் ஓடினால் கூரை போகும், ஓடாவிட்டால் அவளுக்கு அடிபடும்.

அண்ணன்காரன் கயிற்றை வின்ச் பக்கம் இழுத்தான். மேலிருந்து குரல் வந்தது.

"அண்ணா, வேணாம். டிரம்ல போடு. அவரு பிடிக்கட்டும்."

"பாப்பா, வின்ச்லயும் ஓட விடலாம்."

"விடலாம், அதுக்கும் கை வேணும்ல? எனக்குப் பழக்கமான கை போதும்."

"போன தடவை என்னாச்சுன்னு—"

"போன தடவை விலா வலிச்சது எனக்கா, உனக்கா?"

அண்ணன்காரன் கயிற்றை நங்கூரத்திடம் நீட்டினான். நங்கூரம் டிரம்மில் ஒரு சுற்று போட்டான், இன்னொன்று போட்டான். மேலே பார்த்தான். மூன்றாவதையும் போட்டான்.

அவள் ரம்பத்தை இயக்கவில்லை.

"என்னங்க, எத்தனை?"

அவன் கயிற்றைச் சரிசெய்வது போலக் குனிந்தான்.

"எத்தனைன்னு கேக்கறேன்."

"மூணு" என்றான், திருட்டுத்தனமாக.

"அது நான் இல்லீங்க" என்றாள். சத்தம் போடவில்லை, பக்கத்து நாற்காலியில் இருப்பவனிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். "அது கட்டை. நான் இங்க என் கயித்துல பத்திரமா இருக்கேன். என்னைப் பிடிக்கணும்னா, அதை விடுங்க."

நங்கூரம் அப்படியே நின்றான். பிறகு ஒரு சுற்றைக் கழற்றினான்.

(நான் ஜன்னலிலிருந்து "கண்ணாடி போனா போகட்டும்!" என்று கத்தினேன். அதற்குள் ரம்பம் கிளம்பிவிட்டது. யாருக்கும் கேட்கவில்லை.)

8

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ) கட்டை கூரைக்கு ஒரு முழம் மேலே அழகாக நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். இது சினிமா.

ஆ) கடைசி நொடியில் நங்கூரத்தின் கை மறுபடி இறுகியது. மரம் உதறியது. அவள்— இதை முடிக்க மாட்டேன். நான் எழுதும் கதையில் அவளுக்கு அடிபடாது.

இ) அண்ணன்காரன் மனம் மாறி, கண்கலங்கி, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து— அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

9

இந்தக் கதையை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. அதே அறையில்தான். என் தலைக்கு மேலே, மூலைக் கண்ணாடியில் ஒரு விரிசல் இருக்கிறது. கயிறு புகையும் அளவுக்கு நங்கூரத்தின் கையுறை வழியாக ஓடியது, கட்டை இறங்கி வந்து, நின்றே விட்டது என்று நினைத்த இடத்தில் கூரையை ஒரு தட்டுத் தட்டியது. அந்த விரிசல் அதுதான்.

"சார், சார்" என்று நங்கூரம் என் ஜன்னலைப் பார்த்தான். அண்ணன்காரன் பல்லைக் கடித்தான். அப்போது மேலே அவள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள்:

"ஆடவே இல்லீங்க! ஒரு துளி ஆடலை!"

அவன் அண்ணாந்து பார்த்தான். அவள் விலாவைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். அவனும் சிரித்தான், கட்டையின் பாரம் முழுக்க இன்னும் கையில் இருக்க.

கண்ணாடியை மாற்றித் தருகிறேன் என்று அவன் இரண்டு முறை வந்துவிட்டான். நான் விடவில்லை.

வின்ச்சை வாங்கினார்களா, திருப்பிக் கொடுத்தார்களா, அண்ணன்காரன் அடுத்த வேலைக்கும் வந்தானா என்பதையெல்லாம் நான் அவர்களிடம் கேட்கவில்லை. கட்டுரையாக இருந்திருந்தால் தீர்ப்புச் சொல்லியிருப்பேன். தூக்க வேண்டிய இடத்தில் வின்ச்சுக்கு நிகரில்லை என்று மட்டும் சாட்சி சொல்கிறேன். மீதியை உங்களிடம் விட்டுவிடுகிறேன், இஷ்டப்படி முடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அவள் மேலே இருக்கும்போது, எந்தக் கருவியில் சுற்றியிருந்தாலும், கயிற்றின் நுனி நங்கூரத்தின் கையில் இருக்கட்டும்.