கீழ்த்தளத்து முகூர்த்தம்

மட்டாஞ்சேரியில் அந்தக் கல்யாண மண்டபத்தைப் பார்க்கப் போன அன்று, சுபாஷிணியின் சக்கர நாற்காலி வாசற்படியிலேயே நின்றுவிட்டது. உள்ளே மணமேடை மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை.

மானேஜர் அனில் சிரித்த முகமாக, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "பயப்பட வேண்டா மேடம். நாலு பையன்மார் உண்டு. கசேரையோட தூக்கி மேல கொண்டு போகும்."

"அவா எதுக்கு? நான் இருக்கேனே!" என்றார் வெங்கிட்டு மாமா, சுபாஷிணியின் அம்மாவுக்குத் தம்பி. பள்ளிக்கூடப் படிகளில் தினமும் அவளைத் தூக்கிச் சென்றவர் அவர்தான்.

"என் கல்யாணத்துக்கு நானே போகணும் மாமா. தூக்கிண்டு போக நான் என்ன உற்சவ மூர்த்தியா?"

மாமாவின் முகம் சுண்டிப்போனது. அதைக் கவனித்தும் சுபாஷிணி விட்டுக்கொடுக்கவில்லை. தோப்பும்படியில் வங்கி அதிகாரி அவள், பேசிப் பழகியவள்.

"அனில் சேட்டா, 2016லயே சட்டம் வந்தாச்சு. ஜனங்க வந்துபோற கட்டடம்னா, தனியாரோடதா இருந்தாலும் எங்களுக்கும் வழி வேணும். பழைய கட்டடத்துக்குக் குடுத்த கெடுவும் முடிஞ்சாச்சு. புகார் எழுதட்டுமா, இல்லே சாயா குடிச்சுண்டு பேசலாமா?"

அனில் சாயா வரவழைத்தார். மணமேடையைக் கீழே உள்ள சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுவருவது, பந்தியைக் கொல்லையில் பந்தல் போட்டு நடத்துவது, வாசலில் சாய்தளம் கட்டுவது என்று முடிவாயிற்று.

அடுத்த வாரம் மாமாவே ஃபோன் செய்தார்.

"உன் பழைய நாற்காலியிலே உக்காந்து அந்தச் சாய்தளத்துலே இறங்கிப் பார்த்தேன்டி. நேரா போய் அனிலோட ஸ்கூட்டர்லே மோதினேன். இது சாய்தளமா, சறுக்குமரமான்னு மேஸ்திரிகிட்டே சண்டை போட்டுட்டேன்."

சுபாஷிணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஓர் அடி உசரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேணும் மாமா."

"சொல்லிட்டேன். இடிச்சுட்டுக் கட்டறான்."

முகூர்த்த நாளில் மாலை மாற்றல் நேரம் வந்தது. மாப்பிள்ளை ஹரிநாராயணனை அவனுடைய மாமா தூக்கிக்கொண்டார். வெங்கிட்டு மாமா மட்டும் தயங்கி, குனிந்து கேட்டார்:

"தூக்கட்டுமாடி?"

"இதென்ன கேள்வி? எல்லாக் கல்யாணப் பொண்ணையும் மாமாதானே தூக்குவா!"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளை ஒரே மூச்சில் தூக்கினார். ஹரி மாலையோடு எட்ட எட்ட, மாமா பின்னால் சாய்ந்து அவனை ஏய்த்தார். கூட்டம் ஆரவாரித்தது.

"ஸ்கூல்லே இவ்வளவு கனம் இல்லியே நீ!"

"அப்போ சம்பளம் இல்லே மாமா, சாப்பாடு கம்மி."

சாய்தளம் அப்படியே நிலைத்தது. குழந்தை வண்டிகள் அதில் ஏறின, பாயச அண்டாக்கள் ஏறின, முட்டிவலிக்காரர்கள் படிகளை மறந்தே போனார்கள். ஓணத்துக்கு முன்னால் லிஃப்டும் வந்தது. புதுத் தம்பதியையும் மாமாவையும் அனில் கூப்பிட்டுக் காட்டியபோது, அவர்கள் ஏறுமுன்பே மாமா உள்ளே புகுந்து பட்டனை அமுக்கியிருந்தார்.