மடித்தவன் பொறுப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருந்தே வெல்டருக்குத் தன் மச்சான் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சின்னப் பையனா அவன்? முப்பத்திநாலு வயது ஆள். சட்டையை விறைப்பாக இஸ்திரி போட்டு, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி தலை சீவி, வாயெல்லாம் பல்லாக வந்து, தன் அக்காவோடு வெல்டரின் வண்டியில் ஏறினான். மடியில் ஓர் அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் அவனுடைய சொந்தக் கார்.

கார் என்றால் ஆள் ஏறுகிற கார் இல்லை. ரிமோட்டில் ஓடுவது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், நாலைந்து கிலோ எடை. அதற்காக விளையாட்டுச் சாமான் என்று யாராவது சொல்லிவிட்டால் அதை ஓட்டுகிற கிளப் ஆட்கள் கடித்துக் குதறிவிடுவார்கள். வெல்டரின் கார் மணிக்கு இருநூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர் போயிருக்கிறது. அந்த வேகத்தைத் தொடுவது பெரிய வித்தையே இல்லை. நல்ல மோட்டாரும் பேட்டரியும் வாங்கிப் போட்டால் எந்தத் தடியனும் தொடலாம். நிறுத்துவதில்தான் இருக்கிறது விஷயம். பிரேக் போட்டால் நாலு சக்கரமும் வழுக்கி, வண்டி பம்பரமாகச் சுற்றிச் சில்லுச் சில்லாகப் போய்விடும். அதனால் பின்பக்கம் ஒரு சின்னப் பை, பைக்குள் மடித்து வைத்த பாராசூட். ரிமோட்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் பையின் மூடி திறக்கும். துணி காற்றைப் பிடித்து விரியும், வண்டி கோணாமல் வேகம் குறைந்து நிற்கும்.

விரிவதும் விரியாததும் மடிக்கிற கையில் இருக்கிறது. அந்தக் கை மச்சானுடையது. பையும் குடையும் ரிப்பேர் செய்கிற கடையில் வேலை பார்த்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் தன் குடைத் துணியையே பிரித்து அக்கா வீட்டுக்காரருக்கு முதல் பாராசூட்டைத் தைத்துக் கொடுத்தான். அன்றைக்கு கிளப்பில் அவனுக்கு 'குடை' என்று பெயர் வைத்தார்கள். அவன் அக்காவைத் தவிர எல்லோருக்கும் அவன் அசல் பெயர் மறந்தே போயிற்று.

வெல்டரும் மடித்துப் பார்க்காமல் இல்லை. தீப்பொறி பட்டுத் தடித்துப்போன விரல்கள். நூல் மாதிரி இருக்கிற கயிறுகளை அவை என்ன செய்யும்? முதல் தடவை விரியவே இல்லை. இரண்டாம் தடவை ஒரு பக்கம் மட்டும் விரிந்து காரைக் குப்புறக் கவிழ்த்தது. மூன்றாம் தடவை நடந்ததை அவனிடம் கேட்கிற தைரியம் கிளப்பில் யாருக்கும் இல்லை.

கிளப்புக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முன்பு ஒரு உறுப்பினருக்கு இன்னொரு உறுப்பினர் மடித்துக் கொடுத்து, கார் உடைந்து, வேணும்னே செய்தாய் என்று இரண்டு பேரும் சட்டையைக் கிழித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டங்கள். ஒன்று, மடித்தவன் பை மூடியின் மேல் டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேல் எது நடந்தாலும் மடித்தவன் பொறுப்பு. இரண்டாவது, உறுப்பினர் ஆனவன் தன் காருக்கு மட்டும்தான் மடிக்கலாம், அடுத்தவன் காரைத் தொடக்கூடாது.

குடை இத்தனை நாள் உறுப்பினர் இல்லை. அதனால்தான் வெல்டரின் பிழைப்பு ஓடியது. இன்றைக்கு ஆகப்போகிறான். நூற்றைம்பதுக்கு மேல் ஓட்டி, பாராசூட்டை விரித்து, கடைசி மெத்தைகளைத் தொடாமல் நிறுத்திவிட்டால் அவனும் உறுப்பினர். அடுத்த மாதம் வெளியூர் கிளப்புகள் எல்லாம் வருகிற பெரிய ஓட்டம். அதில் வெல்டருக்கு யார் மடிப்பது?

"நீயும் ஓட்ட ஆரம்பிச்சுட்டா எனக்கு யாருடா இருக்கா?" என்று போன வாரம் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்த்தான்.

"நான் சொல்லித் தரேன் மாமா. ஒரு மாசத்துல பழகிடும்" என்று சிரித்தான் குடை.

வெல்டரின் பெண்டாட்டி வேறு தம்பி பக்கம். "ஆறு வருஷமா உங்களுக்கு எடுபிடி வேலை பாக்குறான். நீங்க தூக்கிப் போட்ட பழைய சாமானைப் பொறுக்கிப் பொறுக்கி ஒரு வண்டி கட்டியிருக்கான். ஒரு தடவை அவனும் ஓட்டட்டுமே, உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

என்ன குறையும் என்று அவளிடம் சொல்ல முடியுமா?

ஓட்டம் நடப்பது கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில். சிமெண்டு வெடிப்புகளில் எல்லாம் புல். கடைசியில் பழைய மெத்தைகளைச் சாய்த்து அடுக்கியிருப்பார்கள். அதன் ஓரத்தில் ஒருவர் வாக்கி டாக்கியோடு நின்று, பாதை காலியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும், நின்ற காரை எடுத்துவர வேண்டும். வெயிலில் காய்கிற அந்த வேலைக்கு யார் போவார்கள்? எப்போதும் குடைதான் போவான்.

குடை ஒரு பலகையின் மேல் துணியை விரித்து மடிக்க ஆரம்பித்தான். எட்டுக் கயிறுகளையும் சேர்த்து, நழுவாமல் இருக்க ஒரு ரப்பர் பேண்ட் மாட்டினான். துணியை மடித்து முடித்ததும் ரப்பர் பேண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பையை மூடி, டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டான். ஒரு தடவைக்கு இரண்டு தடவை டேப்பை அழுத்திப் பார்த்தான்.

"பயத்துல ஒன்னுக்கு வருதா?" என்றான் வெல்டர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஆமா மாமா" என்று அவனும் சிரித்துக்கொண்டே புதருக்கு அந்தப் பக்கம் போனான். மற்றவர்கள் வேகம் அளக்கிற கருவியைச் சுற்றி நின்று வழக்கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

வெல்டருக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. டேப்பை நகத்தால் நெம்பினான். பேட்டரி ஒயர்களைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டுகளில் ஒன்றை உருவி, மடித்த துணியின் வாயில், கயிறுகள் வந்து சேர்கிற இடத்தில், இரண்டு சுற்றுச் சுற்றினான். திரும்ப மூடி, டேப்பைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தான். கையெழுத்து கசங்கக்கூட இல்லை. இந்த மாதிரி வேலைக்கு மட்டும் அந்தத் தடித்த விரல்கள் எப்படி வளைந்து கொடுத்தனவோ! என்ன பெரிய பாவம்? பாராசூட் விரியாது, கார் மெத்தையில் போய் முட்டும், நாலு பேர் சிரிப்பார்கள், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அப்போதுதான் வாக்கி டாக்கியில் அவன் பெண்டாட்டி குரல் கேட்டது. "ஹலோ, ஹலோ, கேக்குதா? நான் மெத்தைகிட்ட வந்துட்டேன்."

வெல்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எங்கடி அங்க போனே?"

"வேற யாரும் போக மாட்டேன்னுட்டாங்க. என் தம்பி வண்டி வந்து நிக்கிறதை நான்தான் பக்கத்துல இருந்து பாக்கணும்."

"தள்ளிப் போ. இன்னும் நல்லா தள்ளி நில்லு."

"தள்ளிதான் நிக்கிறேன். அவன் மடிச்சதுங்க. எனக்கு என்ன பயம்?"

குடை ரிமோட்டைக் கையில் எடுத்துவிட்டான். கிளப் செயலாளரான கணக்கு வாத்தியார் கையைத் தூக்கிவிட்டார். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்ல வெல்டருக்கு நேரம் இருந்தது. இல்லை என்று பின்னால் எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும், இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பையைத் திறந்து பார்ப்பார்கள். வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டான்.

கார் கிளம்பியது. காதைக் கிழிக்கிற சத்தம். "நூத்தி எழுபத்தி ரெண்டு!" என்று வாத்தியார் கத்தினார். எல்லோரும் ஹோவென்று கூச்சல் போட்டார்கள். குடை பொத்தானைத் தட்டினான். பை திறந்தது. உள்ளே இருந்து துணி வந்தது, ஆனால் விரியவில்லை. காருக்குப் பின்னால் ஒரு வால் மாதிரி விறைப்பாக நீண்டு ஆடியது.

"விரி, விரி, விரி" என்று குடை கெஞ்சினான், யாரிடமோ. பிறகு வேறு வழி இல்லாமல் பிரேக்கைப் பிடித்தான். கார் பக்கவாட்டில் திரும்பி, உருண்டு, மெத்தையின் விளிம்பில் பட்டு எகிறியது. வாக்கி டாக்கியில் ஒரு அலறல் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

அவளுக்கு வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றும்போது "தம்பி எங்க? தம்பிக்கு ஒன்னும் இல்லையே?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டி நகர்வதற்கு முன்பே வாத்தியார் உடைந்த காரைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். சட்டம் பேசுவதென்றால் அந்த மனுஷனுக்கு நேரம் காலம் கிடையாது. பாராசூட்டைத் தூக்கிக் குடையின் முகத்துக்கு நேரே ஆட்டினார். "பாரு. ரப்பர் பேண்டைக் கழட்டாமலே மூடியிருக்கே. நேத்து வந்தவன்கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டான்."

"கழட்டினேன் சார். கழட்டிப் பையில போட்டேன்." குடை அவசரமாகச் சட்டைப்பையில் கையை விட்டான். அக்காவைத் தூக்கக் குனிந்தபோது எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். பை காலியாக இருந்தது. "கழட்டினேன்" என்றான் மறுபடியும். பிறகு வெல்டரைப் பார்த்தான். "கழட்டினேனா மாமா? நீங்க பாத்தீங்கல்ல?"

"நான் கவனிக்கலைடா" என்றான் வெல்டர்.

அந்த ஒரு சொல்லில் குடையின் முகம் செத்துப்போனதை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவன் கழற்றினேன் என்று சொல்லவே இல்லை.

ஆஸ்பத்திரி நடையில், ஆட்கள் போகவர, அவன் வெல்டரின் காலில் விழுந்தான். வெல்டர் அவனைத் தூக்கி நிறுத்தி, "விடுடா, தெரியாமதானே பண்ணினே" என்றான். கூட வந்த கிளப் ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்ன மனசுடா இந்த ஆளுக்கு என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கவும் செய்தான் வெல்டர். கேட்கக் கேட்க உள்ளே இருந்த உறுத்தல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்!

முழங்கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜவுளிக்கடையில் நாள் பூரா நின்று துணி எடுத்துக் காட்டுகிற வேலை அவளுடையது. கடைக்காரர் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். அவள் வீட்டுக்கு வந்த அன்றே, தம்பி இந்த வாசல்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாள். தனக்குப் பத்து வயதானதில் இருந்து தூக்கி வளர்த்த தம்பி. "என் காலு போனது போகட்டும். அன்னைக்கு உனக்குக் கவனம் எங்கடா இருந்துச்சு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவன் படியை விட்டுத் தெருவுக்கு இறங்கினான்.

கிளப்பும் அவனை இனி ஓட்ட விடுவதில்லை என்று முடிவு செய்தது. குடை பதினைந்து நாள் கழித்து வெல்டரின் பட்டறைக்கு வந்து, ஓரமாக நின்றான்.

"இனிமே எனக்கு வண்டியும் வேணாம், ஒன்னும் வேணாம் மாமா. சாகுற வரைக்கும் உங்களுக்கு மடிச்சுத் தரேன். என்னை நம்பி ஒரு தடவை குடுப்பீங்களா?"

வெல்டர் கையில் இருந்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இதற்காகத்தானே எல்லாம். ஆனாலும் உடனே தலையாட்டவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றான். இரண்டு நாள் அவனை அலையவிட்டான். மூன்றாம் நாள் போனால் போகிறது என்பது போல் பாராசூட்டை எடுத்து அவன் முன்னால் போட்டான். குடை அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டான்.

பெரிய ஓட்டத்தில் வெல்டரின் கார் இருநூற்று நாற்பத்தி ஒன்று போயிற்று. பாராசூட் பூ மாதிரி விரிந்தது. வெளியூர்க்காரர்கள் கூட எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அன்று மாலை கோப்பையோடு வீட்டுக்கு வந்தான். குடை வாசலுக்கு வெளியே, தெருவில் உட்கார்ந்து, காரில் ஒட்டிய தூசியைத் துடைத்துக்கொண்டு இருந்தான். உள்ளே அவன் அக்கா கட்டிலில் காலை நீட்டியபடி கோப்பையை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"ஒன்னு கேக்கட்டுமா? அவன் மேல உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வந்து என்ன பண்ண? உன் தம்பியாச்சே."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தெருவில் இருக்கிறவன் காதில் விழட்டும் என்றே குரலை உயர்த்திப் பேசினாள். "கூடப் பிறந்த எனக்கே மன்னிக்க மனசு வரல. நீங்க மனுஷனே இல்லைங்க, தெய்வம்."

தெருவில் துடைக்கிற சத்தம் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடியும் கேட்டது.

வெல்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, "டேய், அடுத்த வாரம் காலையில ஆறு மணிக்கே வந்துடு" என்றான்.

"சரிங்க மாமா" என்று வெளியே இருந்து குரல் வந்தது.