பெரிய பல்சக்கரம், குட்டைச் சங்கிலி

ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள் காலை. எங்கள் அணியின் ஒல்லி வீரன் ஒட்டடைக்குச்சி ஒன்பது நொடி முன்னிலையில் இருந்தான். இரண்டாவது இடத்தில் எதிரணியின் சிரிப்பு. மலையேறும்போதும் சிரிப்பான், விழுந்தாலும் சிரிப்பான். களைத்திருக்கிறானா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் மெக்கானிக்கான நான் அவன் வண்டியைப் பார்ப்பேன்.

விடுதியின் வாகன நிறுத்தத்தில் எல்லா அணிக்கும் ஒரே குழாய். சிரிப்பின் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த எதிரணி மெக்கானிக் என் மச்சான், மனைவியின் அண்ணன்.

"என்ன மாப்ள, வேவு பாக்க வந்தியா?"

"வாளி வாங்க வந்தேன் மச்சான்."

"வாளி அந்தப் பக்கம் இருக்கு. கண்ணு ஏன் இந்தப் பக்கம் போகுது?"

அவர் எதையும் மறைக்கவில்லை. பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கில் தட்டு மாதிரி ஒரு பெரிய பல்சக்கரம். பின்னால் பல்சக்கரம் பெரிதானால் மிதிப்பது லேசு. செங்குத்தான ஏற்றத்துக்கென்றே மாட்டுவது. அப்படியென்றால் கடைசி மலையில்தான் தாக்குவார்கள்.

ஓடிப்போய் மேனேஜர் அக்காவிடம் சொன்னேன். தெம்பு மிச்சமிருந்த துணை வீரர்கள் எங்களுக்கு இரண்டே பேர். மலைக்கு முன்னால் ஏரிக்கரைச் சாலை. பக்கவாட்டில் காற்று அடிக்கும். அங்கே துணை வீரர்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால் ஒட்டடைக்குச்சி அவர்கள் மறைவில் சுகமாகப் போகலாம். ஆனால் அங்கே உழைத்தவர்களுக்கு மலையில் காலில் வலு இருக்காது.

"அப்ப ரெண்டு பேரையும் மலைக்கு வச்சுக்கலாம்" என்றார் அக்கா. "சரி, வாளி எங்க?"

மறந்திருந்தேன். திரும்பப் போனேன். இந்த முறைதான் சங்கிலி கண்ணில் பட்டது.

இடுப்பு பருத்தால் பெல்ட் நீளமாக வேண்டும் இல்லையா? பல்சக்கரம் பெரிதானால் சங்கிலியும் அப்படித்தான். இங்கே சங்கிலி நடுப் பல்சக்கரத்தில் கிடந்தது. அதற்கே அதை இழுத்துப் பிடிக்கும் சின்னக் கை விறைத்து நின்றது. பெரியதில் ஏற்றினால் ஒடிந்துவிடும். என் கல்யாணத்தன்று கீச்சிட்ட கதவுக்கு எண்ணெய் போட்டவர் மச்சான். சங்கிலியை நீட்ட மறக்கிற ஆள் இல்லை. இந்தப் பல்சக்கரம் என் கண்ணில் பட்டு நான் ஏமாறட்டும் என்றே மாட்டியது. கிளம்பும் முன் கழற்றிவிடுவார்.

"அக்கா, அது வெறும் பாவ்லா. ஏரிக்கரையிலதான் அடிப்பாங்க."

"அஞ்சு நிமிஷம் முன்னாடி மலைன்னே."

"அப்ப செயினப் பாக்கல."

அக்கா என்னையே பார்த்தார். "ரெண்டு பேரையும் ஏரிக்கரையில செலவழிச்சுட்டு, அவங்க மலையில அடிச்சா நம்ம பையன் தனியா மாட்டுவான். ஒம்பது நொடியும் போயிடும், தெரியும்ல?"

"தெரியும்."

ஏரிக்கரையில் காற்று எழுந்ததும் சிரிப்பின் அணி மொத்தமாகப் பாய்ந்தது. பின்தங்கியவர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். எங்கள் துணை வீரர் இருவரும் காற்றுப் பக்கம் சுவராக நின்று ஒட்டடைக்குச்சியைக் கூடவே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு ஒதுங்கினார்கள். மலையில் அவன் தனியாள்தான். ஆனால் சிரிப்பும் இருந்த பலத்தையெல்லாம் ஏரிக்கரையிலேயே கொட்டியிருந்தான். பந்தயம் முடியும் உச்சியில் அவனால் நான்கு நொடிதான் பிடுங்க முடிந்தது. ஐந்து நொடியில் பந்தயம் எங்களுக்கு.

சாயங்காலம் குழாயடியில் மச்சான் மறுபடி வண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"செயினா?" என்றார்.

"செயின்தான்."

"ரெண்டாவது தடவை வாளிக்கு வந்தியே, அப்பவா?"

"ஆமா."

"முதல் தடவையே வாளியக் கையில குடுத்து அனுப்பியிருக்கணும்" என்றார், குழாயைத் திருகியபடி.