காவாவுக்கு நாலு அடி

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் சாப்பிட வரச் சொல்லியிருந்தான் அஸ்கர். உதயசூரியனுக்கு அந்த வீட்டில் கை நனைக்கப் பயம். ஜப்பானிலிருந்து திரும்பி இரண்டு மாதத்தில் அஸ்கர் ஆறு தடவை கூப்பிட்டுவிட்டான், இவனும் ஆறு சாக்குச் சொல்லிவிட்டான். இரண்டு பேர் வீடும் ரங்கூன் தாகேதாவில்தான், நடந்தால் பத்து நிமிஷம். ஏழாவது சாக்குக்குச் சரக்குத் தீர்ந்துபோயிருந்தது. போதாக்குறைக்கு, போயே ஆகவேண்டும் என்று சயாவும் சொல்லிவிட்டார்.

சயா, அவர்களுடைய பேஸ்பால் குழுவின் பயிற்சியாளர். வாலிபத்தில் ஜப்பானில் ஓட்டல் பாத்திரம் கழுவப் போன பர்மாக்காரர், அங்கே பேஸ்பால் பைத்தியம் பிடித்துத் திரும்பி வந்தார். ரங்கூனில் பேஸ்பாலா என்று சிரிக்காத ஆள் கிடையாது. சிரிக்கட்டும். பந்து பொறுக்கக்கூட ஆள் இல்லாத அந்தக் குழுவில் இரண்டு தமிழ்ப் பையன்கள் பதினாலு வயதில் சேர்ந்து, பத்து வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடினார்கள். இருவருக்கும் ஒரே வேலை. பந்தை அடிக்கிறவனுக்கு வெகு தூரத்தில், புல்வெளியின் கடைசியில் நின்றுகொண்டு, உயரப் பறந்து வருகிற பந்து தரையில் விழுமுன் ஓடிப் பிடிக்க வேண்டும். அவுட்ஃபீல்டு என்பார்கள். உதயன் நடுவில், அவனுக்குப் பக்கத்தில் லெஃப்டில் அஸ்கர்.

அந்த மைதானத்துக்கு வேலி இல்லை. லெஃப்டுக்குப் பின்னால் மழைத் தண்ணீர் ஓடுகிற சிமெண்டுக் காவாய் ஒன்று, இடுப்பளவு ஆழம், மூடி கிடையாது. மேலே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடுகிறவனுக்குக் காவாய் எங்கே தெரியப் போகிறது? பக்கத்தில் நிற்கிறவன்தான் அவனுக்குக் கண். இன்னும் நாலு அடி வைத்தால் காவாய் என்கிறபோது கத்த வேண்டும், கேட்டவன் பந்து எக்கேடு கெட்டாலும் நின்றுவிட வேண்டும். சயாவின் முதல் பாடமே அதுதான். மற்றவர்கள் பர்மிய மொழியில் கத்துவார்கள். இவர்கள் இருவருக்குள் மட்டும் தமிழ். "காவா!" என்று ஒரு குரல், அவ்வளவுதான். பத்து வருஷத்தில் ஒரு தடவையும் தவறியதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வெயில் ஏறாத ஒரு மாசிக் காலையில், ஜப்பானின் ஒரு சின்ன லீக்கிலிருந்து ஒருவர் ஆள் பார்க்க வந்தார். கிளப்புக்கு அவுட்ஃபீல்டர் ஒருத்தன் வேண்டுமாம். ஒரே ஒருத்தன். காலையில் டீக்கடையில் ஒரு லபெயே டீயை இரண்டு கோப்பையில் ஊற்றிக் குடிக்கும்போது அஸ்கர், "யாருக்குக் கெடச்சாலும் மத்தவன் ஏர்போர்ட்டுக்குப் பெட்டி தூக்கணும்டா, சொல்லிட்டேன்" என்றான். அவன் மனசில் அவ்வளவுதான் இருந்தது. உதயன் மனசில் வேறு கணக்கு ஓடியது. அஸ்கர் தன்னைவிட நல்ல ஆட்டக்காரன் என்பது அவனுக்குத் தெரியும். பந்து மட்டையில் படுகிற சத்தத்திலேயே அது விழப்போகிற இடம் அஸ்கருக்குத் தெரிந்துவிடும். உதயனுக்கு ஓட்டம் மட்டும்தான் உண்டு.

ஆறாவது இன்னிங்ஸில் ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து லெஃப்டுக்கு மேலே போனது. அஸ்கர் திரும்பி ஓடினான், முகம் வானத்தில். உதயன் பக்கத்தில் ஓடினான். காவாய் தெரிந்தது. நாலு அடி. வாயைத் திறந்தான். அஸ்கர் இந்தப் பந்தைக் கோட்டைவிட்டால் அந்த ஜப்பான்காரர் தன் நோட்டில் என்ன எழுதுவார் என்று ஒரு நினைப்பு ஓடியது. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

அஸ்கர் பந்தை விடவில்லை. பிடித்துக்கொண்டே காவாய்க்குள் போனான். முழங்கால் சிமெண்டு விளிம்பில் பட்ட சத்தம் இந்நேரம்வரை உதயன் காதில் இருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் மேலே வந்தது, கையில் கிளவுஸ், கிளவுஸுக்குள் பந்து.

அதோடு நின்றிருந்தால்கூட ஒரு நொடிப் பேராசை, மனுஷ புத்தி என்று ஆற்றிக்கொள்ளலாம். அஸ்கரைத் தூக்கி வெளியே போட்டபோது உதயன் எல்லார் முன்னாலும், "கத்தினேனேடா, கேக்கலியா ஒனக்கு?" என்றான். யோசித்துத்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற யாருக்கும் தமிழ் தெரியாது, அந்தக் களேபரத்தில் எவன் என்ன கத்தினான் என்று சாட்சி சொல்ல ஆள் இல்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அஸ்கர், "கேக்கலடா. என் தப்புத்தான்" என்றான்.

உதயனுக்கு இடம் கிடைத்தது. அஸ்கர் மாவுக்கட்டோடு, ஊன்றுகோலோடு ஏர்போர்ட்டுக்கு வந்தான். பெட்டியைத் தூக்க முடியவில்லையே என்று அவன் வருத்தப்பட்டான்.

ஜப்பானில் உதயன் மூன்று சீசன் ஆடினான். முதல் வருஷம் மைதானத்தில் நடு இடத்தையே கொடுத்தார்கள், தாகேதாவில் அம்மா ஜெயம்மா தெருவுக்கே மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தாள். இரண்டாம் வருஷம் லெஃப்டுக்கு மாற்றினார்கள். மூன்றாம் வருஷம் பெஞ்சு, எப்போதாவது வேறொருவனுக்குப் பதிலாக ஓடுவான். குளிர்காலத்தில் முட்டைக்கோஸ் கட்டுகிற கொட்டகையில் வேலை. அப்புறம் ஒரு மாலை மானேஜர் தலை குனிந்து வணங்கி நன்றி சொன்னார். அத்தோடு ஒப்பந்தமும் போயிற்று, விசாவும் போயிற்று. கட்டாய ராணுவத்துக்குப் பயந்து வயசுப் பிள்ளைகளெல்லாம் எப்படியாவது வெளியே ஓடிவிடப் பார்க்கிற நேரத்தில் இவன் ரங்கூனில் வந்து இறங்கினான். அவுட்ஃபீல்டரின் வாழ்வு பெரும்பாலும் இப்படித்தான். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து பெஞ்சுக்கு, பெஞ்சிலிருந்து வீட்டுக்கு.

அந்த ஊர் மைதானங்களில் சுவருக்குப் பதினைந்து அடி முன்னாலேயே புல் நின்று மண் தொடங்கும். மேலே பார்த்து ஓடினாலும் காலுக்குத் தெரிந்துவிடும், நின்றுகொள்ளலாம். தெரியாமல் மோதினாலும் சுவரில் மெத்தை. முதல் நாள் அந்த மண்ணைக் காலால் தேய்த்துப் பார்த்தபோது உதயனுக்கு அந்தக் காவாய் ஞாபகம் வந்தது. மூன்று வருஷமும் அந்த மண்ணில் கால் படும்போதெல்லாம் அதே ஞாபகம்தான். நன்றாகப் பந்து பிடித்த நாட்களில் இன்னும் மோசம்.

இப்போது சயாவுக்கு அவுட்ஃபீல்டுக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும். அடுத்த மாதம் வெளிநாட்டில் போட்டி. "அஸ்கரைக் கூட்டிக்கொண்டு வா. நான் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான், ஏன் என்றும் சொல்வதில்லை. திங்கட்கிழமைக்குள் எனக்குப் பதில் வேண்டும்" என்றார்.

வாசலில் அஸ்கர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். கைலி, வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. நடையில் நொண்டல் இல்லை. உதயனைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டான். ஓடித்தான் வந்தான்.

"ஏழு தடவ கூப்பிட்டாத்தான் வருவியோ? ஜப்பான்காரனாயிட்ட."

அவன் மகள் இக்ராவுக்கு மூன்று வயது நிறைந்திருந்தது. சைக்கிள் பெல்லை விடாமல் அடித்துக்கொண்டு, "வாப்பா, ஒரு ரவுண்டு" என்று இழுத்தாள்.

"உம்மா சோறு போட்டுட்டு வரட்டும், அப்புறம் போலாம்" என்றான் அஸ்கர்.

உள்ளே அஸ்கர் மனைவி மைமூன் பாய் விரித்து டான்பௌ பரிமாறினாள். கோழி பிரியாணிதான், பக்கத்தில் பாலச்சாங், காய்ந்த இறால் வறுவல். மின்சாரம் இல்லை. லத்தா பகுதியில் மாமனார் மீரா முகைதீன் நடத்துகிற பாட்டரிக் கடையில்தான் அஸ்கருக்கு வேலை, அங்கிருந்து கொண்டுவந்த சின்ன விசிறி ஒன்று உதயன் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

"ஒன் கால் எப்படி இருக்கு?" என்றான் உதயன். இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடத்தான் ஆறு சாக்கும்.

"காலுக்கு என்ன? எட்டு மாசத்துல ஓட ஆரம்பிச்சிட்டேன். மழக்கி லேசா வலிக்கும்."

உதயனுக்குக் கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது. கால் போனதால்தான் ஆட்டம் போயிற்று என்று மூன்று வருஷமாக நினைத்திருந்தான்.

"அப்ப ஏன் திரும்பி ஆடல?"

அஸ்கர் சோற்றைப் பிசைந்தான். மைமூன்தான், பர்மிய வழக்கப்படி அண்ணன் என்பதற்குக் 'கோ' போட்டு, சொன்னாள்.

"கோ உதயா, நீங்களாச்சும் சொல்லுங்க. இவங்களுக்குக் காது சரியில்லியாம். அன்னிக்கு நீங்க பக்கத்துல நின்னு கத்தியும் கேக்கலல்ல, அதப் புடிச்சிக்கிட்டாங்க. ரெண்டு டாக்டர்ட்ட காட்டியாச்சு, காதுல ஒரு கொறையும் இல்லங்கறாங்க. அப்படின்னா என் மண்டையிலதான் கோளாறு, திடீர்னு ஒரு நேரம் கேக்காமப் போயிடுதுங்கறாங்க இவங்க."

"அவன் தொண்ட கிழியக் கத்தியிருக்கான், மைமூன்" என்றான் அஸ்கர், சாதாரணமாக. "எனக்குத்தான் கேக்கல. கேக்காதவன் மைதானத்துல நின்னா கூட நிக்கிறவனுக்குல்ல ஆபத்து? நாளக்கி எவனாச்சும் என் மேல வந்து மோதி கழுத்த ஒடச்சிக்கிட்டா? சயாகிட்ட இத எப்படிச் சொல்றது. வெக்கமா இருக்கு."

"இந்தப் புள்ளையத் தனியா சைக்கிள்ல வச்சிக் கூட்டிட்டுப் போனதே இல்ல" என்றாள் மைமூன். "பின்னால நானும் ஏறிக்கிட்டு, வண்டி வருது, ஆரன் அடிக்கிறான்னு சொல்லிக்கிட்டே வரணும்."

உதயனுக்கு வியர்த்தது. விசிறி அவன் பக்கம்தான் இருந்தது. அஸ்கரின் ஆட்டத்தைக் கெடுத்தது காவாய் இல்லை, தன் வாயிலிருந்து வந்த அந்த ஒற்றைக் கேள்வி என்று விளங்கியதும் அவனுக்குத் தன்னையே பிடிக்கவில்லை. இப்போதும் தப்பிக்க வழி இருந்தது. சயா கூப்பிட்டார், காதெல்லாம் ஒன்றுமில்லை, வாடா என்று நாலு நல்ல வார்த்தை சொல்லிச் சாப்பிட்டு எழுந்து போகலாம். அஸ்கர் நம்பமாட்டான். நம்பவைக்க ஒரே ஒரு வார்த்தைதான் உண்டு, அதைச் சொன்னால் இந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது.

"நான் கத்தல" என்றான்.

"என்ன?"

"அன்னிக்கி நான் கத்தவே இல்ல, அஸ்கர். காவாயப் பாத்தேன். நாலு அடி இருக்கும்போதே பாத்தேன். வாய மூடிக்கிட்டேன். நீ பந்த விட்டா அந்த ஆளு என்னய எடுத்துக்குவான்னு. நீ விழுவன்னு நெனக்கல. அப்புறம் கத்துனேன்னு சொன்னது பொய்."

மைமூன் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் விழுந்தது. வாசலில் இக்ரா பெல் அடித்துக்கொண்டிருந்தாள்.

அஸ்கர் தட்டைத் தள்ளிவைத்தான். அடிப்பான் என்று உதயன் நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான்.

"கத்தலியா?"

"இல்ல."

"அப்ப என் காதுக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்ல."

அஸ்கர் எழுந்து போய்க் கை கழுவினான். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். இக்ராவைத் தூக்கி முன் கம்பியில் உட்காரவைத்தான். மைமூன் பதறிப்போய்த் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"நீ வேணாம்" என்றான் அஸ்கர். அப்புறம், உதயனைப் பார்க்காமல், "சயாகிட்ட நானே வந்து பேசிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றான்.

சைக்கிள் கிளம்பியது. உதயன் எச்சில் கையோடு வாசலில் வந்து நின்றான். அந்தத் தெருமுனையில் சுவர் மறைக்கும், பக்கவாட்டில் வருகிற வண்டி தெரியாது. சரக்கு வேன் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு வருவது கேட்டது.

"வண்டி!" என்று உதயன் தொண்டை கிழியக் கத்தினான். தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அஸ்கரின் கால் அதற்கு முன்பே தரையில் ஊன்றியிருந்தது. ஒரு கை இக்ராவைச் சுற்றிப் பிடித்திருந்தது. வேன் கடந்து போனது.

"கேட்டிச்சு" என்றான் அஸ்கர், திரும்பாமலே. பெடலை மிதித்து முனையைத் தாண்டிப் போனான்.