தாப்பிருக்கு ஆகாத வாசம்

"தலையில எண்ணெய் வெச்சிருக்கீங்களா ஆன்டி?" என்று தனேஷ் கேட்டபோது நான் ஏணியின் இரண்டாவது படியில் நின்றிருந்தேன். மேலே மரக்குடில். அதில் சத்தமில்லாமல் உட்கார்ந்தால், கீழே உப்பு மண்ணை நக்க வரும் மிருகங்களைப் பார்க்கலாம்.

"வெச்சிருக்கேன். ஏன்?"

"அந்த வாசம் அனிமல்ஸுக்கு ஆகாது ஆன்டி. நேத்து ஒண்ணும் வரல இல்ல? அதான். நீங்க கேம்ப்ல ரெஸ்ட் எடுங்க லா. டீ போடச் சொல்றேன்."

தனேஷ் இந்த முகாமின் வழிகாட்டி, ஸ்ரீ கெம்பாங்கான் ஊர்த் தமிழ்ப் பையன். அவனைப் பெற்றவள் தலையில் என்ன தடவினாளாம், பெட்ரோலா? எனக்கு முன்னால் ஏறிய வெள்ளைக்காரத் தம்பதி கழுத்து, காது, சாக்ஸ் என்று கொசு மருந்தை அடித்துக்கொண்டதில் எனக்கே இருமல் வந்தது. அதை மட்டும் மிருகங்கள் ஆசையாக மோந்து பார்க்கும் போலிருக்கிறது.

என் மகள் ஷாமினியைப் பார்த்தேன். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு இந்த இரண்டு நாளை ஏற்பாடு செய்தவளே அவள்தான். முப்பத்தொரு வருஷம் ரயில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச்சுவரில் ஒரு தாப்பிர் படம், பன்றி உடம்பும் குட்டித் தும்பிக்கை மூக்குமாக ஒரு காட்டு மிருகம். காட்டுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டுக்கு நடந்து போவேன். ஒரு தடவை அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கென்று பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. அது அவளுக்கும் தெரியும்.

"அம்மா, ப்ளீஸ் லா. எல்லாரும் வெயிட் பண்றாங்க. இன்னைக்கு மட்டும் போயிருங்களேன்" என்றாள்.

தனேஷ் மேல் வந்த கோபம் அந்த இடத்திலேயே ஆறிவிட்டது. அவன் யாரோ. இவள் தலைக்கு எத்தனை வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்து முழுக்காட்டியிருப்பேன். பேசாமல் இறங்கினேன். பேசாமல் இறங்கினேனே என்று வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

எங்கள் அறையின் பின்படியில் உட்கார்ந்தால் பத்தடியில் ஓடை. டீயைத் தொடவில்லை. பையிலிருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்து, வீம்புக்கு உள்ளங்கை நிறைய ஊற்றி உச்சியில் தேய்த்தேன். காதோரம் வழிந்தது. வழியட்டும். இந்தக் காடே மணக்கட்டும்.

சீப்பை எடுத்து நிமிர்ந்தபோது ஓடைக்கு அந்தப் பக்கம் அது நின்றது. முன்னும் பின்னும் கறுப்பு, இடையில் வெள்ளை வேட்டியைச் சுற்றிக்கொண்டது போல. தண்ணீரில் இறங்கி என் பக்கம் ஏறியது. அந்த நீண்ட மூக்கைத் தூக்கி, வளைத்து, என் திசையில் நிதானமாக மோந்தது. பிறகு குனிந்து படியோரச் செடியைத் தின்னத் தொடங்கிவிட்டது.

போன் பக்கத்தில்தான் கிடந்தது. ஒரு படம் எடுத்துத் தனேஷ் மூஞ்சிக்கு நேரே காட்டினால் போதும். கை போன்வரை போனது. ஆனால் குனிந்து போனைப் பார்க்கும் நேரத்தில் இது போய்விட்டால்? முப்பத்தொரு வருஷமாகப் படத்தைத்தானே பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டேன். செடி முடிந்ததும் அது தன் பாட்டுக்கு ஓடையோரமாகவே நடந்து மறைந்தது.

இருட்டிய பிறகு அவர்கள் திரும்பினார்கள். "இன்னைக்கும் லக் இல்ல ஆன்டி" என்று சொல்லிக்கொண்டே தனேஷ் சமையல் கொட்டகைப் பக்கம் போனான். என் வாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஷாமினி டார்ச்சோடு பின்பக்கம் வந்தாள். "ஒண்ணும் வரலம்மா."

அவள் டார்ச் வெளிச்சம் படிக்குக் கீழே சேற்றில் விழுந்து அங்கேயே நின்றது. மூன்று விரல் தடம். நேற்றுத் தனேஷ் எல்லோருக்கும் பிளாஸ்டர் அச்சில் காட்டிய அதே தாப்பிர் தடம். தண்ணீர் இன்னும் அதில் ஊறிக்கொண்டிருந்தது.

அவள் தடத்தைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, எனக்குக் கீழ்ப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கூந்தல் கிளிப்பைக் கழற்றினாள். முடி அவிழ்ந்து என் முழங்கால்மேல் விழுந்தது.

நான் பாட்டிலைக் கையில் எடுத்தேன். மூடியைத் திறக்காமல் வெகுநேரம் வைத்திருந்தேன்.